சாவிக்கொத்து

பதிவு நீளமானது. வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாதவன் நான் என்று உங்களுக்கே தெரியும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு காதுகுத்து. வந்திருந்த உறவில் மூன்றரை வயதுப் பையன் ஒருவனுக்குக் காலையிலிருந்தே உடம்பு சுட்டுக்கொண்டிருந்தது. பந்தி நடக்கும்போது அவன் அம்மா மடியிலேயே கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. மண்டபமே எழுந்துவிட்டது. "இரும்பு கொடுங்க, கையில இரும்பு கொடுங்க" என்று நாலு குரல். யாரோ ஸ்கூட்டர் சாவியைத் திணித்தார்கள். இன்னொருவர் பல் கிட்டிவிடும் என்று வாயில் கரண்டியை நுழைக்கப் பார்த்தார். நர்ஸாக இருக்கும் என் மருமகள்தான் ஓடிவந்து கரண்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நிமிடம் இருக்கும், தானாக நின்றது. குழந்தை அழுதான், பிறகு தூங்கினான். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வலிப்பு என்றார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அது அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு நாளில் எனக்கு ஏழெட்டு போன். எல்லாம் மெதுவான குரலில். "சித்தப்பா, அந்தப் பிள்ளைக்குக் காக்காய் வலிப்பாமே?" "பரம்பரையில யாருக்காவது இருக்கா மாமா?" அந்தக் குழந்தைக்கு ஒரு அக்கா இருக்கிறாள், வயது ஆறு. அவள் கல்யாணத்தைப் பற்றிக்கூட ஒருவர் கவலைப்பட்டார். அன்றுதான் இதைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்தது சரித்திரம், அதனால் சரித்திரமாகவே எழுதுகிறேன். எழுத இன்னொரு காரணமும் உண்டு, பாதிக்குமேல் வரும்.

முதலில் நம் வீட்டு முற்றத்திலிருந்தே தொடங்குவோம். நடராசர் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் குள்ள உருவத்தைப் பார்த்திருப்பீர்கள். பெயர் முயலகன், வடமொழியில் அபஸ்மாரன். சரகர் காலத்து ஆயுர்வேதத்தில் அபஸ்மாரம் என்றால் வலிப்பு நோய். தமிழ் அகராதியிலும் முயலகனுக்கு வலிப்பு நோய் என்ற பொருள் இருக்கிறது. திருச்சிக்குப் பக்கத்தில் திருவாசி என்ற ஊர், பழைய பெயர் திருப்பாச்சிலாச்சிராமம். அங்கே கொல்லி மழவன் என்ற சிற்றரசன், முயலகன் நோய் கண்டு நினைவிழந்த தன் மகளைக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தியிருந்தான். சம்பந்தர் வந்து பதிகம் பாடி அவளைக் குணப்படுத்தினார் என்று சேக்கிழார் சொல்கிறார். அந்தக் கோயில் நடராசர் முயலகன்மேல் நிற்கமாட்டார், பாம்பின்மேல் நிற்பார். அங்கே போகிறவர்கள் இதைக் கவனித்துப் பாருங்கள். பக்தியோடு படிப்பவர்கள் பக்தியோடு படிக்கட்டும். எனக்கு அதில் தெரிவது, ஒரு தகப்பன் நோய் கண்ட பெண்ணை ஒளித்துவைக்காமல் ஊர் பார்க்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தான் என்பது.

கிரேக்கத்தில் கிறிஸ்துவுக்கு சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பே, ஹிப்போகிரடிஸ் பெயரில் வழங்கும் நூல் ஒன்று இந்த நோயைப் பற்றி வாதாடியிருக்கிறது. அன்றைக்கு அதை 'புனித நோய்' என்பார்கள், தெய்வம் ஏறுவதாக நினைப்பு. இது மற்ற நோய்களைவிட எந்த விதத்திலும் தெய்வீகமானதல்ல, இதற்கு இடம் மூளைதான் என்று அந்த நூல் சொன்னது. சொல்லி 2,400 ஆண்டு ஆகிறது. நம் மண்டபத்துக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த ஆள். பெயர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட். இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்ற ஊரில் வைத்தியம் பார்த்தவர். 1841 ஜனவரியில் 'லான்செட்' மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார், அது அடுத்த மாதம் அச்சில் வந்தது. குழந்தைகளின் வலிப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஒரு பிறந்த நாள் வைக்கச் சொன்னால் நான் அந்தக் கடிதத்தின் தேதியைத்தான் வைப்பேன். அவர் எழுதியது தன் சொந்த மகனைப் பற்றி.

குழந்தை நல்ல ஆரோக்கியமாகப் பிறந்தவன். நாலு மாதம்வரை நன்றாகத்தான் வளர்ந்தான். அப்போது தலையை லேசாக முன்னால் ஆட்டுகிறான். ஏதோ விளையாட்டுக்குச் செய்கிறான் என்றுதான் தகப்பன் நினைத்தார். நாளாக ஆக ஆட்டம் வலுத்தது. தலை முழங்காலை நோக்கிக் குனியும், உடனே நிமிரும், சில நொடியில் மறுபடி குனியும். ஒரு தடவை வந்தால் பத்து, இருபது முறை இப்படி. இரண்டு மூன்று நிமிடத்தில் நிற்கும். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவை வரும். இது வருவதற்கு முன் துறுதுறுவென்று இருக்கும் பிள்ளை, வந்து போனதும் பயந்து வீரிடுவான். ஒரு வயது நெருங்கும்போது அந்த வயதுக்கு உரிய சூட்டிகை இல்லை, சிரிப்பில்லை, எதையும் கவனித்துப் பார்ப்பதில்லை, கைகாலை ஆட்டும் தெம்பும் இல்லை. இத்தனையையும் அவர் எழுதியிருக்கிறார். வைத்தியர் எண்ணி எண்ணி எழுதுகிறார், ஒவ்வொரு வரியிலும் தகப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

என்னென்ன செய்தார் என்றும் ஒளிக்காமல் பட்டியல் போட்டிருக்கிறார். தலையில் அட்டை விட்டார், குளிர்ந்த பற்று போட்டார், பாதரசம் சேர்ந்த பேதி மருந்து கொடுத்தார். பல் முளைப்பதால் இருக்குமோ என்று ஈறைக் கீறிவிட்டார். வெந்நீரில் குளிப்பாட்டினார், அபின் கொடுத்தார். நாலு மாதக் குழந்தைக்கு! இதையெல்லாம் இன்று படிக்கும்போது கோபம் வரும். ஆனால் அன்றைக்குப் பெரிய படிப்புப் படித்தவர்கள் கையிலும் இதைத் தவிர வேறொன்றும் இல்லை. எதுவும் பலிக்கவில்லை என்பதையும் அவரே எழுதிவிட்டார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

கடைசியில் மகனை லண்டனுக்குக் கொண்டுபோனார். சார்லஸ் கிளார்க், லோகாக் என்று இரண்டு பெரிய டாக்டர்கள் பார்த்தார்கள். கிளார்க் தன் அனுபவத்தில் இப்படி நாலு குழந்தைகளைத்தான் பார்த்திருந்தார், லோகாக் இரண்டே பேரை. குழந்தை குனிந்து குனிந்து நிமிர்வதைப் பார்த்து கிளார்க் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்: 'சலாம் வலிப்பு'. நம் ஊர் சலாம்தான். கிழக்கத்தியர்கள் குனிந்து கும்பிடுவது அன்றைக்கு லண்டனில் அவ்வளவு பரிச்சயம். ஒரு குழந்தையின் வேதனைக்கு நம் மரியாதையின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

தன் பிள்ளையைத் தவிர இந்த நோயை நான் வேறெங்கும் கண்டதில்லை, வேறு யாராவது பார்த்திருந்தால் விளக்கம் கிடைக்குமா என்பதுதான் அவர் கடிதம் எழுதியதன் நோக்கம். ஒரு தகப்பன் நாடு முழுக்க உள்ள வைத்தியர்களிடம் கேட்ட கேள்வி அது. பதில் அவருக்குக் கிடைக்கவில்லை. 1848-இல் காலமானார். மகன் குணமாகாமலே 20 வயதுவரை வாழ்ந்து 1860-இல் இறந்தான். 1952-இல் அமெரிக்காவில் கிப்ஸ் தம்பதியர் இந்தக் குழந்தைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து, அந்த அலைகள் ஒழுங்கே இல்லாமல் மலையும் பள்ளமுமாகக் கிடப்பதைக் காட்டினார்கள். 1958-இல் பெல்ஜியத்தில் சோரெல் என்ற மருத்துவரும் அவரோடு வேலை செய்தவரும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசியைப் போட்டுப் பார்க்க, பல குழந்தைகளுக்கு நின்றது. கடிதம் எழுதி 117 ஆண்டு கழித்து வந்த முதல் நல்ல பதில் அது. இன்று அந்த நோய்க்குப் பெயரே வெஸ்ட் சிண்ட்ரோம். கைக்குழந்தை அடுக்கடுக்காகத் தலையைக் குனிந்து குனிந்து நிமிர்ந்தால், 'உறக்கம் வருது', 'வயித்து வலி' என்று விட்டுவிடாமல் செல்போனில் படம் பிடித்து அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இதில் வாரக்கணக்கில் தாமதித்தாலும் பிள்ளையின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படும்.

மேலே லோகாக் என்று ஒருவர் வந்தாரே, விக்டோரியா மகாராணிக்குப் பிரசவம் பார்த்தவர். 1857-இல் லண்டன் மருத்துவச் சங்கக் கூட்டமொன்றில் எழுந்து, பொட்டாசியம் புரோமைடு என்ற உப்பைக் கொடுத்தால் வலிப்பு குறைகிறது என்றார். ஏன் குறைகிறது என்று அவர் வைத்திருந்த விளக்கம் முழுத் தவறு. மருந்து என்னவோ வேலை செய்தது. வலிப்புக்கு உண்மையிலேயே கேட்ட முதல் மருந்து அதுதான். வெஸ்டின் மகன் அப்போது உயிரோடு இருந்தான். அவனுக்கு யாராவது அதைக் கொடுத்துப் பார்த்தார்களா என்று எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது.

அடுத்தது 1912. ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்தில் ஹவுப்ட்மன் என்ற இளம் டாக்டர் நோயாளிகளின் வார்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். இரவெல்லாம் கீழே வலிப்புச் சத்தம். அவர்களைத் தூங்கவைக்கலாம் என்று புதிதாக வந்த தூக்க மருந்தைக் கொடுத்தார் என்றும், தூக்கத்தோடு வலிப்பும் குறைந்ததைக் கவனித்தார் என்றும் சொல்வார்கள். அதுதான் ஃபீனோபார்பிட்டோன். இன்றும் நம் அரசு ஆஸ்பத்திரிகளில் கொடுக்கிறார்கள், மலிவான மாத்திரை. அந்த ஹவுப்ட்மன் யூதர். பிற்பாடு நாஜிகள் அவரை டாக்காவ் முகாமில் அடைத்தார்கள். தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் பாடத்தில் நான் சொல்லாமல் விட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று. 1938-இல் பாஸ்டனில் மெரிட், புட்னம் என்ற இருவர் ஃபெனிட்டாயின் மாத்திரையைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு வந்தவை நிறைய, அந்தப் பட்டியல் வேண்டாம்.

ஆனால் ஹான்ஸ் பெர்கரை விட முடியாது. ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர். இளம் வயதில் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பினார். அதே நாளில் ஊரிலிருந்த அக்காவுக்கு மனசு பதறி, தம்பி எப்படி இருக்கிறான் என்று விசாரித்து தந்தி வந்ததாம். ஒரு மனம் இன்னொரு மனத்துக்குச் செய்தி அனுப்புகிறதா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு முப்பது வருடம் தேடினார். தேடியது கிடைக்கவில்லை. 1924-இல் மனித மூளையின் மின் அலையைப் பதிவு செய்துவிட்டார்! தன் மகன் கிளாஸ் தலையிலேயே மீண்டும் மீண்டும் கம்பியை ஒட்டிப் பார்த்து, உறுதியான பிறகு 1929-இல்தான் வெளியிட்டார். அதுதான் ஈ.ஈ.ஜி. முதலில் யாரும் நம்பவில்லை.

1935-இல் பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் மூவரும் அந்தக் கருவியை வலிப்பு நோயாளிகளிடம் வைத்துப் பார்த்தார்கள். அதில் ஒரு வகைப் பிள்ளைகள் கீழே விழமாட்டார்கள், கைகால் இழுக்காது. பேசிக்கொண்டே இருக்கும்போது பத்து நொடி அப்படியே வெறித்துப் பார்ப்பார்கள், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அந்தப் பத்து நொடியில் மூளையில் நொடிக்கு மூன்று வீதம் கூர்முனையும் அலையும் மாறி மாறி ஓடுவதைக் காகிதத்தில் கோடாகப் பார்த்துவிட்டார்கள்.

பல்கலைக்கழகத்தில் இருந்தவர்களுக்கு 1935-இல் தெரிந்தது, 1980-இல் ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த எனக்குத் தெரியாது. யாரும் சொல்லித்தரவில்லை. "ஆகாயத்தைப் பார்க்காதே, இங்கே பார்" என்று எத்தனை பிள்ளைகள்மீது சாக்பீஸ் எறிந்திருப்பேன், எத்தனை பேரைப் பெஞ்சில் ஏற்றியிருப்பேன். அதில் பெரும்பாலோர் உண்மையிலேயே ஆகாயத்தைத்தான் பார்த்தீர்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பெண், எட்டாம் வகுப்பு. டிக்டேஷன் எழுதினால் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் நாலைந்து சொல் இருக்காது. மற்றபடி முத்துமுத்தான எழுத்து. கவனமில்லை என்று பிரம்பால் அடித்திருக்கிறேன். அவளுக்கு என்ன இருந்தது என்று இன்று நான் தீர்மானிக்க முடியாது. அந்த விடுபட்ட சொற்கள் மட்டும் ஞாபகம் இருக்கின்றன. இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் இருபது பேராவது இதைப் படிப்பீர்கள். இடையிடையே சொல் விட்டுப்போகும் பிள்ளை இருந்தால், பெற்றோரிடம் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள்.

இப்போது உறவுக்காரர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளைக்கு அது காக்காய் வலிப்பாக மாறுமா? (காக்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கால்-கை வலிப்பு பேச்சில் திரிந்து அப்படி ஆயிற்று என்று எங்கள் பள்ளித் தமிழய்யா சொல்வார்.) அமெரிக்காவில் 1959 தொடங்கி 50,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பதிவு செய்து, பிறந்த பிள்ளைகளை ஏழு வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் காய்ச்சல் வலிப்பு வந்த 1,706 பேரின் கதையை கேரின் நெல்சன், எல்லன்பெர்க் என்ற இருவர் 1976-இல் வெளியிட்டார்கள். ஏழு வயதுக்குள் வலிப்பு நோய் வந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 2 பேர்தான். அதுவும் பெரும்பாலும், முன்பே வளர்ச்சியில் குறை இருந்தவர்கள், அல்லது முதல் வலிப்பே நீண்டும் திரும்பத் திரும்பவும் வந்தவர்கள். மற்றவர்களுக்கு வளர்ந்ததும் போய்விட்டது. அதற்கு முன்பெல்லாம் ஒரு காய்ச்சல் வலிப்புக்கே வருடக்கணக்கில் தினமும் ஃபீனோபார்பிட்டோன் கொடுத்துப் பிள்ளையை மந்தமாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழக்கம் குறைந்ததற்கு இந்த எண்ணிக்கை ஒரு பெரிய காரணம். ஆகவே மதுரை சித்தி, கோயம்புத்தூர் மாமா எல்லோரும் நிம்மதியாக இருங்கள். அந்தப் பிள்ளையின் அக்கா கல்யாணத்துக்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது.

தடுப்பூசியால் வந்திருக்குமோ என்றும் ஒருவர் கேட்டார். 1974-இல் லண்டனிலிருந்து வந்த ஒரு கட்டுரை, கக்குவான் தடுப்பூசி போட்ட பிறகு மூளை பாதித்ததாகச் சொல்லி 36 குழந்தைகளைக் காட்டியது. இங்கிலாந்தில் பல பெற்றோர் பயந்து ஊசியை நிறுத்தினார்கள், கக்குவான் திரும்பிப் பரவியது. ஆஸ்திரேலியாவில் பெர்கோவிக் என்பவரின் குழு, தடுப்பூசியால் மூளை பாதித்ததாகச் சொல்லப்பட்ட 14 பேரின் மரபணுவைச் சோதித்து 2006-இல் வெளியிட்டது. 11 பேரிடம் SCN1A மரபணுவில் கோளாறு இருந்தது. எஸ்.சி.என்.1.ஏ. என்று படியுங்கள். ட்ராவே என்ற பிரெஞ்சுப் பெண் மருத்துவர் 1978-இல் விவரித்த கடுமையான குழந்தை வலிப்புக்குக் காரணமானது அதே மரபணு. அந்தக் குழந்தைகள் பிறக்கும்போதே அந்தக் கோளாறோடு பிறந்தவர்கள். ஊசியால் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முன்னால் கொண்டுவந்திருக்கலாம், அவ்வளவுதான்.

சரி, நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம்.

1987. எந்தப் பள்ளி என்று கமெண்டில் கேட்காதீர்கள், பல ஊரில் வேலை பார்த்தவன் நான். ஏழாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். பன்னிரண்டு வயதுப் பையன், நன்றாகப் படிப்பவன். அக்பர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வலது கை மட்டும் முதலில் துடித்தது, பிறகு உடம்பு முழுக்க. பெஞ்சிலிருந்து விழுந்தான். பிள்ளைகள் அலறினார்கள். நான் மேசையிலிருந்த வகுப்பறைச் சாவிக்கொத்தை எடுத்து அவன் கையில் வைத்து அழுத்தினேன். ஒரு நிமிடத்தில் நின்றது. சாவிதான் நிறுத்தியது என்று நானும் நம்பினேன். எல்லாப் பெற்றோரும் அப்படித்தான் நம்புகிறார்கள், ஏனென்றால் பெரும்பாலான வலிப்பு சாவியைத் தேடி எடுக்கும் நேரத்தில் தானாகவே நின்றுவிடும்.

ஒரு மாதத்தில் இன்னொரு முறை வந்தது. மற்றப் பெற்றோர் முணுமுணுத்தார்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் அவங்க அப்பாகிட்ட பேசணும்" என்றார். பேசினேன். "உடம்பு தேறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பக்குவமாகச் சொன்னதாக அன்று நினைத்தேன். அந்த மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மாற்றுச் சான்றிதழை என் கையெழுத்தில்தான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதினேன். அது பொய்.

அவனை வெளியூர் கொண்டுபோய் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அந்த நாளில் அது பெரிய செலவு, நிலத்தை அடகு வைத்தார்கள். மூளையில் பட்டாணி அளவில் ஒரே ஒரு புள்ளி. காசநோய்க் கட்டி என்றார்கள். வலிப்பு மாத்திரையோடு காசநோய் மாத்திரையும் ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். புள்ளி மறைந்தது. வலிப்பும் நின்றது. ஆனால் 'டி.பி.' என்ற பெயரும் 'வலிப்பு' என்ற பெயரும் சேர்ந்து அந்த வீட்டை ஊரிலிருந்து தள்ளிவைத்தன. பையனுக்கு ஒரு வருடப் படிப்பு போயிற்று.

இங்கே சரித்திரம் மறுபடி வருகிறது. இந்தச் சின்னப் புள்ளி இந்தியா முழுக்க டாக்டர்களைக் குழப்பிக்கொண்டிருந்த காலம் அது. சி.டி. ஸ்கேன் வந்த பிறகு, வலிப்போடு வரும் பிள்ளைகள் பலரிடம் இந்தப் புள்ளி தெரிந்தது. காசநோய் நிறைந்த நாடு, ஆகவே காசநோய் என்று நினைத்தது நியாயமான ஊகம்தான். அந்த டாக்டர்மேல் நான் குறை சொல்லமாட்டேன். மருந்து கொடுத்தால் மறைந்தது, அதனால் ஊகம் உறுதியானது. என் சாவிக்கொத்து மாதிரியே! வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் மேத்யூ சாண்டி, ராஜசேகர் முதலான அறுவை மருத்துவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். காசநோய் மருந்தே கொடுக்காமல் விட்டாலும் பலருக்குப் புள்ளி தானாக மறைகிறது. காசநோய்க் கட்டி அப்படிச் சும்மா மறையாது. மறையாமல் நின்ற சில புள்ளிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவம், செத்துக்கொண்டிருந்த நிலையில். 1989-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். வெஸ்ட் கடிதம் எழுதிய அதே லான்செட்.

பிறகு ராஜசேகர், தலையைத் திறக்காமலே எந்தப் புள்ளியைப் புழு என்று முடிவு செய்யலாம் என்பதற்கு எளிய அடையாளங்கள் வகுத்தார். ஒரே புள்ளியாக இருக்கவேண்டும், 20 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, தலைக்குள் அழுத்தம் ஏறிய அறிகுறியோ நாளுக்கு நாள் மோசமாகும் பலவீனமோ இருக்கக்கூடாது, இப்படி. அதனால் எத்தனையோ பிள்ளைகள் தேவையில்லாத அறுவையிலிருந்தும் காசநோய் மருந்திலிருந்தும் தப்பினார்கள். நம் ஆள் இரண்டு வருடம் முந்திவிட்டான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் புழு இந்தியாவில் பிடிக்கும் என்பது வெள்ளைக்காரர்களுக்கு முன்பே தெரியும். இங்கே பணிசெய்துவிட்டு ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குச் சில வருடம் கழித்து வலிப்பு வந்ததை 1930-களில் மெக்கார்தர் என்ற ராணுவ டாக்டர் ஆராய்ந்தார். 1961-இல் டிக்சன், லிப்ஸ்கோம்ப் இருவரும் அப்படி 450 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். சிப்பாய்களுக்கு வந்தது, அவர்களோடு அதே தண்ணீரைக் குடித்த நம் பிள்ளைகளுக்கு வந்திருக்குமே என்று கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லைபோலும்.

பன்றி இறைச்சி சாப்பிட்டால்தான் வரும் என்று நினைக்காதீர்கள். சரியாக வேகாத இறைச்சியைச் சாப்பிட்டவர் குடலில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கை வழியாகவும், தண்ணீர் வழியாகவும், பச்சைக் காய்கறி வழியாகவும் யார் வயிற்றுக்கும் போகும். மூளைக்குப் போவது அந்த முட்டையிலிருந்து வந்த குஞ்சு. என் மாணவன் வீட்டில் முட்டைகூட வாங்கமாட்டார்கள். எங்கள் பள்ளியில் 400 பிள்ளைகளுக்குக் கழிப்பறை கிடையாது, பின்னால் கருவேலங்காடுதான். பக்கத்திலேயே குடிதண்ணீர்த் தொட்டி.

அவர்கள் ஏன் எதையும் வெளியில் சொல்லவில்லை என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். அவனுக்கு இரண்டு அக்காமார். அன்றைக்குச் சட்டமே அப்படி இருந்தது. இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம், திரும்பத் திரும்ப வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று பைத்தியத்தோடு சேர்த்து எழுதிவைத்தது. 1999-இல்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாகவும், ஒழுங்காக மருந்து எடுத்தால் நூற்றுக்கு 70 பேர் வலிப்பே இல்லாமல் வாழமுடியும் என்றும் சொல்கிறது. சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், ஜாதகப் பொருத்தம் பேசும் இடத்திலிருந்து இன்னும் எடுக்கவில்லை.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது. எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். 2021-இல் அவனாக இங்கே என்னைத் தேடிக் கண்டுபிடித்து நட்பு விண்ணப்பம் அனுப்பினான். இந்தப் பதிவை எழுதுவதற்கு முன் போன் செய்து, பெயர் போடாமல் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க சார்" என்றான். மாற்றுச் சான்றிதழைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்பாதான் படிப்பை நிறுத்திட்டாருன்னு ரொம்ப நாள் அவர்மேல கோவமா இருந்தேன் சார்" என்றான். அவன் அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. நான் என்ன பதில் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை.

காதுகுத்துப் பிள்ளையை இந்த ஜூனில் எல்.கே.ஜி.யில் சேர்த்திருக்கிறார்கள். மறைத்துவிடலாம் என்று பாட்டி சொன்னாராம். அவன் அம்மா என்னிடம் வந்து, "பெரியப்பா, டீச்சருக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க" என்றாள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கவும், வாயில் எதையும் வைக்கவேண்டாம், கையில் இரும்பு வேண்டாம், மணி பார்க்கவும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி, அம்மா போன் நம்பர் இது. அரைப் பக்கம்தான். டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாராம்.